எந்த அப்டேட் எதை விழுங்கியது?

விண்டோஸ் எக்ஸ்பிக்கான அப்டேட் பட்டியலிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். எண்: கேபி823980. வெளியான நாள்: 2003 ஜூலை 16. மாற்றும் கோப்புகள்: ஓஎல்இ32, ஆர்பிசிஆர்டி4, ஆர்பிசிஎஸ்எஸ் என்ற மூன்று டிஎல்எல்கள். அடைக்கும் ஓட்டை: ஒரு கணினி இன்னொரு கணினியிடம் வேலை வாங்க உதவும் ஆர்பிசி சேவையில் இருந்த பிழை. போலந்தைச் சேர்ந்த 'லாஸ்ட் ஸ்டேஜ் ஆஃப் டெலிரியம்' என்ற ஆய்வுக் குழு அதைக் கண்டுபிடித்தது. 135ஆம் போர்ட் வழியாக, வரம்பை மீறிய நீளமுள்ள ஒரு செய்தியை அனுப்பினால் போதும். அனுப்பியவர் விரும்பும் நிரலைக் கணினி ஓட்டத் தொடங்கிவிடும். உட்கார்ந்திருப்பவர் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை.

அந்த அப்டேட் வெளியாகி 26 நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, பிளாஸ்டர் என்ற கணினிப் புழு அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. இன்னும் 60 நொடியில் கணினி நின்றுவிடும் என்று திரையில் ஒரு பெட்டி எழும். எண்கள் இறங்கும். செய்துகொண்டிருந்த வேலை போகும். கணினி மறுபடி கிளம்பும். மறுபடி அதே பெட்டி. புதிதாக எக்ஸ்பி நிறுவியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்டேட்டை இறக்க இணையத்துக்குப் போக வேண்டும். போன சில நிமிடங்களிலேயே புழு உள்ளே வந்துவிடும். ஆகவே எந்தெந்த அப்டேட்டை முன்கூட்டியே சிடியில் எடுத்துவைத்து, இணைய வயரைச் செருகுவதற்கு முன்பே போட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்ல ஒரு பட்டியல் தேவைப்பட்டது.

அந்தப் பட்டியலில் கேபி823980 நிலைத்த காலம் இரண்டு மாதம்கூட இல்லை. அதே சேவையில் வேறு ஓட்டைகள் தெரியவந்ததால், செப்டம்பர் 10 அன்று கேபி824146 வந்தது. பழையது செய்த எல்லாவற்றையும் புதியதும் செய்தது. 2004 ஏப்ரல் 13 அன்று கேபி828741 வந்து அதையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், பல அப்டேட்களை ஒன்றாகத் திரட்டி வந்த சர்வீஸ் பேக் 2 மூன்றையும் சேர்த்து விழுங்கியது. இன்று சர்வீஸ் பேக் 3 உள்ள எக்ஸ்பி கணினிக்குப் பட்டியல் எழுதுபவர் இந்த மூன்று எண்களில் எதையும் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் ஏன் சேர்க்கவில்லை என்று அவரால் சொல்ல முடிய வேண்டும்.

பழைய இயங்குதளத்துக்கு அப்டேட் பட்டியல் பராமரிப்பதில் உள்ள அறிவியல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரு வரியைச் சேர்ப்பது எளிது. அறிவிப்பைப் பார்த்து எழுதிவிடலாம். ஒரு வரி இனி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வதுதான் கடினம். அந்த முடிவுக்கான காரணத்தைக் குறித்துவைக்காத பட்டியல், பத்து ஆண்டு கழித்துக் கையில் எடுப்பவருக்கு வெறும் எண்களின் குவியல்.

எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்த முடியாது

எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கான சப்போர்ட்டை நிறுத்தியது. இடையில் ஏறக்குறைய பன்னிரண்டரை ஆண்டு. தொடக்கத்தில் அப்டேட்கள் தயாரானபோதெல்லாம் வந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்களால் எதையும் திட்டமிட முடியவில்லை. 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால், நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை.

பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று அறிவிப்பு எண். எம்எஸ்03-026 என்றால் 2003ஆம் ஆண்டின் 26ஆவது பாதுகாப்பு அறிவிப்பு. இன்னொன்று கேபி எண். மைக்ரோசாஃப்ட்டின் நாலெட்ஜ் பேஸில் அதைப் பற்றிய கட்டுரையின் எண். ஒரே அறிவிப்பின் கீழ் விண்டோஸுக்கு ஒரு கேபி, ஆஃபீஸுக்கு வேறு கேபி என்று பல எண்கள் வரலாம். அறிவிப்பு எண் ஓட்டையைச் சொல்கிறது. கேபி எண் மருந்தைச் சொல்கிறது. பட்டியலில் இரண்டும் இருந்தால்தான் முன்னும் பின்னும் தேட முடியும்.

பட்டியலைக் கேபி எண் வரிசையில் அடுக்கினால் கால வரிசை கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. 2010 ஆகஸ்ட் 2 அன்று கேபி2286198 வந்தது. ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு பயன்படுத்திய ஷார்ட்கட் ஓட்டையை அடைத்தது அதுதான். பென் டிரைவைச் செருகி ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்த ஓட்டை அது. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 14 அன்று கேபி981322 வந்தது. பின்னால் வந்ததன் எண் முன்னால் வந்ததைவிடச் சிறியது. ஓர் இலக்கமே குறைவு. காரணம், எண் ஒதுக்கப்படுவது கட்டுரையைத் தொடங்கும்போது. அப்டேட் வெளியாவது சோதனையெல்லாம் முடிந்த பிறகு. இடையில் மாதங்கள் ஓடிவிடும். எனவே வெளியான நாளைத் தனிக் கட்டத்தில் எழுதியே ஆக வேண்டும்.

அந்த ஷார்ட்கட் ஓட்டை இன்னொரு பாடத்தையும் தருகிறது. சர்வீஸ் பேக் 2 உள்ள 32 பிட் எக்ஸ்பிக்கான சப்போர்ட் 2010 ஜூலை 13 அன்று முடிந்திருந்தது. 20 நாள் கழித்து வந்த கேபி2286198, 32 பிட் எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 3க்கு மட்டுமே உண்டு. ஆகவே 'எக்ஸ்பிக்கான பட்டியல்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தப் பதிப்பு, எந்த சர்வீஸ் பேக், 32 பிட்டா 64 பிட்டா, எந்த மொழி என்று தலைப்பிலேயே சொல்லாத பட்டியலை நம்பி எந்தக் கணினியையும் ஒப்படைக்கக் கூடாது.

வரிசையும் முக்கியம். முதலில் வந்த எக்ஸ்பியில் நேரடியாகச் சர்வீஸ் பேக் 3 ஏறாது. முதல் அல்லது இரண்டாம் சர்வீஸ் பேக் இருக்க வேண்டும். விண்டோஸ் 7இல் 2016இல் வந்த பெரிய தொகுப்பான கேபி3125574ஐப் போட, கேபி3020369 முன்கூட்டியே இருக்க வேண்டும். இப்படி 'இதற்கு முன் அது' என்ற விதிகளை அம்புக்குறிகளாக வரைந்தால் ஒரு வலை கிடைக்கும். எந்த அம்பும் திரும்பித் தொடங்கிய இடத்துக்கே வராத வலை. அதை ஒரே நேர்வரிசையாக்கும் முறையைக் கணினி அறிவியல் மாணவர்கள் முதலிரண்டு ஆண்டுகளிலேயே படித்துவிடுவார்கள். பட்டியல் எழுதுபவர் அதைத்தான் கையால் செய்கிறார்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்

எக்ஸ்பி அப்டேட் ஒவ்வொன்றும் ஒரு இஎக்ஸ்இ கோப்பாக வரும். அதை இரட்டை கிளிக் செய்யாமல், கமாண்ட் விண்டோவில் எக்ஸ் என்ற சுவிட்சோடு ஓட்டினால், நிறுவாமல் உள்ளிருப்பதை மட்டும் ஒரு ஃபோல்டரில் பிரித்துப் போடும். 2008க்குப் பிறகு வந்த பல பொட்டலங்களைப் பிரித்தால், எஸ்பி3ஜிடிஆர், எஸ்பி3கியூஎஃப்இ என்பது போன்ற பெயர்களில் ஃபோல்டர்களைக் காணலாம். இரண்டிலும் ஒரே பெயருள்ள டிஎல்எல் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஜிடிஆர் கிளையில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்ட திருத்தங்கள் மட்டும் இருக்கும். கியூஎஃப்இ கிளையில் அவற்றோடு, குறிப்பிட்ட வாடிக்கையாளர் கேட்டதற்காகச் செய்துகொடுத்த தனித் திருத்தங்களும் சேர்ந்திருக்கும். நிறுவும் நிரல் முதலில் கணினியில் ஏற்கெனவே உள்ள கோப்பைப் பார்க்கும். அது கியூஎஃப்இ கிளையைச் சேர்ந்ததென்றால் புதியதையும் அக்கிளையிலிருந்தே எடுக்கும், இல்லையென்றால் ஜிடிஆர். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், யாரோ ஒரு வங்கிக்காகச் சரிசெய்த பிழை, அடுத்த மாதப் பாதுகாப்பு அப்டேட் போட்டவுடன் திரும்பி வந்துவிடும்.

இதனால்தான் ஒரு கணினியில் அப்டேட் இருக்கிறதா என்று சோதிக்க 'நிறுவப்பட்டவை' பட்டியலில் பெயர் இருப்பது போதாது. கோப்பின் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். 32 பிட் எக்ஸ்பியின் பெரும்பாலான கோப்புகளின் எண் 5.1.2600 என்று தொடங்கும். சர்வீஸ் பேக் 2இன் கோப்புகள் அதற்குப் பின் 2180 என்றும், சர்வீஸ் பேக் 3இன் கோப்புகள் 5512 என்றும் முடியும். அதைவிடப் பெரிய எண் இருந்தால், பின்னால் வந்த ஏதோ ஓர் அப்டேட் அந்தக் கோப்பைத் தொட்டிருக்கிறது. பெயர் ஏமாற்றலாம், பழைய மென்பொருள் ஒன்றை மறுபடி நிறுவும்போது அது தன்னோடு கொண்டுவந்த பழைய டிஎல்எல் புதியதன்மேல் உட்கார்ந்துவிட்டாலும் பெயர் அப்படியே இருக்கும். பதிப்பு எண் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒரு வரி எப்போது போகலாம்?

நிலம் வாங்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. கையில் இருப்பது நேற்றைய கிரயப் பத்திரம். அதற்கு முந்தைய பத்திரங்களின் உரிமையெல்லாம் இதில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் தாய்ப்பத்திரத்தில் இருந்த மூன்று ஏக்கரில் இரண்டுதான் இந்தக் கிரயத்தில் கைமாறியிருக்கிறது என்றால், மீதி ஒரு ஏக்கருக்குத் தாய்ப்பத்திரம்தான் ஆதாரம். அதைத் தூக்கிப்போட முடியாது.

அப்டேட்களும் அப்படித்தான். ஓர் அப்டேட் மூன்று கோப்புகளை மாற்றியது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு வந்த ஒன்று அவற்றில் இரண்டைப் புதுப்பித்தது. பழையது இன்னும் வேண்டும். மூன்றாவது கோப்பு அதில் மட்டுமே இருக்கிறது. அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று வந்து மூன்றாவதைப் புதுப்பித்தால், அன்றைக்குத்தான் பழைய வரியை அடிக்கலாம். அதுவும் ஒரே அப்டேட்டால் அல்ல, இரண்டின் கூட்டால். மைக்ரோசாஃப்ட்டின் அறிவிப்பில் 'இது எதற்கு மாற்று' என்ற குறிப்பு இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று என்றுதான் சொல்லும். இரண்டு சேர்ந்து மூன்றாவதைத் தேவையற்றதாக்கும் கணக்கைப் பட்டியல் வைப்பவர்தான் கோப்புக் கோப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கோப்புகளை மட்டும் பார்த்தாலும் தவறிவிடும். சில அப்டேட்கள் எந்தக் கோப்பையும் மாற்றுவதில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஆபத்தான ஆக்டிவ்எக்ஸ் கட்டுப்பாடுகளைத் தடுக்கும் 'கில் பிட்' அப்டேட்கள் ரெஜிஸ்ட்ரியில் சில மதிப்புகளை மட்டும் எழுதிவிட்டுப் போகும். கோப்பு ஒப்பீட்டுச் சல்லடையில் அவை நிற்காமல் நழுவிவிடும். பட்டியலைச் சுருக்கும் ஆர்வத்தில் இவற்றை அடித்துவிட்டால், கணினி பார்வைக்கு முழுமையாக இருக்கும். கதவு ஒன்று மட்டும் திறந்திருக்கும்.

எதற்காக இவ்வளவு பாடுபட்டுச் சுருக்க வேண்டும், எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் 2013இல் எக்ஸ்பி கணினிகளிலேயே தெரிந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் எக்ஸ்பி கணினிகள் முடங்கத் தொடங்கின. கணினியைப் போட்டால் எஸ்விசிஹோஸ்ட் என்ற நிரல் பிராசசரை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரம், ஒரு மணி நேரம், சில கணினிகளில் இன்னும் அதிகம். வைரஸ் எதுவும் இல்லை. விண்டோஸ் அப்டேட்தான் தனக்கு என்ன தேவை என்று சோதித்துக்கொண்டிருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குப் பல ஆண்டுகளாக வந்த கூட்டு அப்டேட்கள் ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதற்கு மாற்று. புதியது பழையதை, பழையது அதற்கும் பழையதை என்று சங்கிலி நீண்டுவிட்டது. அதைச் சோதித்த நிரலின் வழிமுறையில், சங்கிலியில் ஒரு கண்ணி கூடினால் வேலை மடங்குகளாகப் பெருகியது.

ஒவ்வொரு கண்ணிக்கும் வேலை இரட்டிப்பதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கண்ணிக்கு 1,024 படிகள். 20க்குப் பத்து லட்சத்துக்கு மேல். 30க்கு 107 கோடி. 40க்கு ஒரு லட்சம் கோடியையும் தாண்டும். சங்கிலி நான்கு மடங்கு நீண்டது. வேலை நூறு கோடி மடங்குக்கு மேல் கூடியது. இதைத்தான் அடுக்குக்குறி வளர்ச்சி என்கிறோம். சிறியதாக இருக்கும்வரை யார் கண்ணிலும் படாது. பட்ட பிறகு வேகமான பிராசசர் வாங்கியும் தப்ப முடியாது.

மைக்ரோசாஃப்ட் கண்ட தீர்வு, புதிய மென்பொருள் அல்ல. பட்டியலைச் சுத்தம் செய்தது. இனி யாருக்கும் தேவைப்படாத பழைய எக்ஸ்ப்ளோரர் அப்டேட்களைக் காலாவதி என்று குறித்துச் சங்கிலியிலிருந்து நீக்கியது. சோதனை நேரம் சட்டென்று குறைந்தது. தேவையற்ற வரியை நீக்குவது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

வெற்றுக் கட்டமும் ஒரு தகவல்

2010 பிப்ரவரி 9 அன்று எம்எஸ்10-015 வந்தது, எண் கேபி977165. எக்ஸ்பியின் மையக் கோப்பான கர்னலைத் திருத்தியது. போட்டவுடன் பல கணினிகள் நீலத் திரையோடு நின்றன, கிளம்பவே இல்லை. மைக்ரோசாஃப்ட் விநியோகத்தை நிறுத்திவிட்டு ஆராய்ந்தது. அந்தக் கணினிகளில் அல்யூரியான் என்ற ரூட்கிட், அதாவது தன்னை மறைத்துக்கொள்ளும் தீய நிரல், ஏற்கெனவே ஒளிந்திருந்தது. கர்னலுக்குள் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட கட்டளை இருக்கும் என்று நம்பி அது எழுதப்பட்டிருந்தது. அப்டேட் அந்த இடங்களை நகர்த்தியதும் ரூட்கிட் தவறான முகவரிக்குத் தாவி, கணினியையும் சாய்த்தது. மார்ச் 2 அன்று, ரூட்கிட் இருந்தால் நிறுவாமல் நிற்கும் சோதனையோடு அப்டேட் மறுபடி வந்தது. எண் அதேதான். ஆக, ஒரே எண்ணுக்குக் கீழ் இரண்டு பொட்டலங்கள். வெளியான நாளோடு மறுவெளியீட்டு நாளையும் எழுதிவைத்த பட்டியல்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2009 செப்டம்பரில் வந்த எம்எஸ்09-048, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் டிசிபி-ஐபி பகுதியில் உள்ள ஓட்டைகளைப் பற்றியது. விண்டோஸ் 2000க்கு அப்போது இன்னும் சப்போர்ட் இருந்தது. ஆனாலும் அதற்கு அப்டேட் வரவில்லை. சரிசெய்ய வேண்டுமென்றால் அந்தப் பகுதியின் கட்டமைப்பையே மாற்ற வேண்டும், அப்படி மாற்றினால் பழைய மென்பொருள்கள் ஓடாமல் போகலாம் என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன காரணம். நேர்மையான பட்டியலில் இதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும்: ஓட்டை உண்டு, அப்டேட் இல்லை, ஃபயர்வாலால் மறைத்துக்கொள்ளவும். இருப்பதை மட்டும் எழுதும் பட்டியல் பொய்யான தைரியம் தரும். இல்லாததையும் எழுதும் பட்டியல், அந்தக் கணினியை எங்கே வைக்கலாம் எங்கே வைக்கக் கூடாது என்று முடிவெடுக்க உதவும்.

தமிழ் எழுத்து போகும் வழியில்

மேலே சொன்ன கேபி981322ஐ நான் வேண்டுமென்றேதான் எடுத்துக்காட்டாக எடுத்தேன். அது திருத்தியது யூஎஸ்பி10 என்ற டிஎல்எல்லை. யூனிஸ்க்ரைப் என்று அதற்குப் பெயர். 'கொ' என்று தட்டினால் கணினிக்குள் பதிவாவது க, அதற்குப் பின் ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்வது யூனிஸ்க்ரைப். விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோட் வந்தபோதும், எக்ஸ்பியில் கன்ட்ரோல் பேனலுக்குப் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியை டிக் செய்தபோதும், பின்னால் வேலை செய்தது இதுதான்.

2010இல் அந்தக் கோப்பில்தான் ஓட்டை தெரியவந்தது. தந்திரமாகச் செய்யப்பட்ட ஓப்பன்டைப் எழுத்துரு உள்ள ஆவணத்தையோ வலைப்பக்கத்தையோ திறந்தால், எழுத்தை வரையும் வேளையிலேயே அந்நிய நிரல் ஓடிவிடலாம். எம்எஸ்10-063 என்ற அறிவிப்பு அதற்கு வந்தது. இங்கே பட்டியல் வைப்பவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆஃபீஸ் எக்ஸ்பி, 2003, 2007 ஆகியவை யூனிஸ்க்ரைப்பின் தனிப் பிரதியைத் தம்மோடு வைத்திருந்தன. விண்டோஸின் பிரதியைத் திருத்திவிட்டால் ஆஃபீஸின் பிரதி திருந்திவிடாது. அதனால் ஒரே அறிவிப்பின் கீழ் ஆஃபீஸுக்கும் தனி அப்டேட்கள் வந்தன. இயங்குதளத்தின் பட்டியலை மட்டும் முழுமையாக முடித்த ஒருவரின் கணினியில், அதே ஓட்டை வேறொரு ஃபோல்டரில் உயிரோடு இருந்திருக்கும்.

சப்போர்ட் முடிந்த பிறகு வந்தவை

2014 ஏப்ரல் 8ஓடு எக்ஸ்பி பட்டியலுக்குக் கோடு போட்டு மூடியவர்கள் பலர். 23ஆம் நாளே, மே 1 அன்று, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஓட்டை ஒன்றுக்கு அவசர அப்டேட் வந்தது, எக்ஸ்பிக்கும் கொடுத்தார்கள்.

அடுத்தது 2017. மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010 அறிவிப்பை வெளியிட்டது. கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டைகளுக்கானது. சப்போர்ட் உள்ள விண்டோஸ்களுக்கு மட்டும். ஏப்ரலில் அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் எட்டர்னல்புளூ என்ற கருவி பொதுவெளியில் கசிந்தது. மே 12 அன்று வான்னக்ரை என்ற கணினிப் புழு அதே ஓட்டை வழியாகத் தாக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. உடனே எக்ஸ்பிக்கும் கேபி4012598 எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்தக் கோப்பின் பெயரிலேயே 'கஸ்டம்' என்ற சொல் இருக்கிறது; பணம் கட்டித் தனி சப்போர்ட் வாங்கியவர்களுக்கான வகை அது. ஜூன் 13 அன்று இன்னும் சில அப்டேட்கள் வந்தன. 2019 மே 14 அன்று, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் ஓட்டைக்கு கேபி4500331 வந்தது. சப்போர்ட் முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. இவற்றில் கடைசியாகச் சொன்னது தானாக வந்து சேரவில்லை; தேடிப் போய் இறக்கிக் கையால் போட வேண்டும். எங்கே தேடுவது, எது தனக்கு உரியது என்று சொல்ல அப்போதும் பட்டியல்தான் இருந்தது.

வான்னக்ரையால் பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அவற்றுக்கான அப்டேட் 59 நாள் முன்னதாகவே வந்துவிட்டது. மருந்து இருந்தது, எந்தக் கணினி அதைச் சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்ற கணக்குதான் இல்லை.

காலம் பட்டியலை வேறு விதத்திலும் அரிக்கிறது. ஒரு கோப்பு இடையில் யாராலும் மாற்றப்படவில்லை என்று காட்ட, அதன் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ஒரு கைரேகை எடுப்பார்கள். பல ஆண்டு அதற்குப் பயன்பட்டது எஸ்எச்ஏ-1. எந்தக் கோப்பானாலும் 40 எழுத்தில் ஒரு குறியீடு. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே கைரேகை கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டின. அதற்குப் பின் அதை நம்பிக் கையெழுத்திட முடியாது. 2020 ஆகஸ்ட் 3 அன்று, எஸ்எச்ஏ-1ஆல் மட்டும் கையெழுத்திட்ட விண்டோஸ் கோப்புகளை மைக்ரோசாஃப்ட் தன் டவுன்லோட் சென்டரிலிருந்து எடுக்கத் தொடங்கியது. பழைய பட்டியல்களில் இருந்த இணைப்புகள் வரிசையாகச் செத்தன. எக்ஸ்பியின் சொந்த பிரவுசருக்கோ இன்றைய பாதுகாப்பான இணைப்பு முறைகளே தெரியாது. அப்டேட்டை வேறொரு கணினியில் இறக்கி, கையெழுத்தையும் புதிய முறைக் கைரேகையையும் சரிபார்த்து, பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும். முகவரியை மட்டும் எழுதிவைத்தவர்களிடம் இன்று எதுவும் இல்லை. கோப்பையும் கைரேகையையும் பாதுகாத்தவர்களிடம் எல்லாம் இருக்கிறது.

யாருக்கு வேண்டும்?

புதிய விண்டோஸுக்கு மாறிவிடுங்கள் என்பதுதான் பெரும்பாலோருக்குச் சரியான அறிவுரை. 2018 ஜூன் 21 அன்று ரிசர்வ் வங்கி இந்திய வங்கிகளுக்கு அதைத்தான் கட்டளையாகவே போட்டது. எக்ஸ்பி போன்ற சப்போர்ட் முடிந்த இயங்குதளத்தில் ஓடும் ஏடிஎம்களை 2018 செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால், ஜூனுக்குள் முழுவதும் மாற்ற வேண்டும் என்று கெடு வைத்தது. தமிழ்நாடு அரசு 2014இலேயே தன் துறைகளுக்கு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸைப் பரிந்துரைத்தது.

ஆனால் எல்லாக் கணினியையும் அப்படி மாற்ற முடியாது. ஆய்வகத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியையோ நிறமாலைமானியையோ ஓட்டும் கணினி, அந்தக் கருவியின் ஓர் உறுப்பு. கருவியின் விலை கோடிகளில். தயாரித்தவர் எக்ஸ்பிக்கு மட்டும்தான் மென்பொருள் எழுதினார். கருவியைக் கணினியோடு இணைக்கும் கார்டுக்கு வேறு டிரைவர் கிடையாது. மருத்துவமனை ஸ்கேனுக்கும் பட்டறை சிஎன்சி இயந்திரத்துக்கும் இதே நிலை. இயந்திரம் இன்னும் இருபது ஆண்டு உழைக்கும். கணினியைத் தூக்கிப்போட்டால் அதுவும் இரும்பு. இவர்கள் செய்யக்கூடியது, கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவைப்பது, வர வேண்டிய கடைசி அப்டேட் வரை போட்டுவைப்பது, ஹார்ட் டிஸ்க் போனால் அதே நிலைக்கு மறுபடி கட்டி எழுப்ப வழி வைத்துக்கொள்வது. மூன்றாவதுக்குப் பட்டியல் இல்லாமல் முடியாது. அந்தக் கருவி தந்த அளவீடுகளை நம்பி எழுதிய ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். எந்த நிலையில் இருந்த கணினி அந்த எண்களைத் தந்தது என்று சொல்ல முடிந்தால்தான் சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இன் பொது சப்போர்ட்டும் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம். அதன் அப்டேட்கள் மாதந்தோறும் ஒரே தொகுப்பாக வந்தவை. ஒவ்வொன்றும் முந்தையதை முழுவதும் விழுங்கும். வரிகள் குறைவு என்பது வசதி. தொகுப்பில் ஒன்று மட்டும் உங்கள் கருவிக்கு ஒத்துவரவில்லை என்றால் அதை மட்டும் விலக்க முடியாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. ஆகவே எந்த மாதத் தொகுப்பில் எந்தக் கருவி நன்றாக ஓடியது என்ற குறிப்பு முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படும்.

உங்கள் பொறுப்பில் அப்படி ஒரு கணினி இருந்தால், அப்டேட்கள் இன்னும் கிடைக்கும்போதே தொடங்குங்கள். எண், வெளியான நாள், மறுவெளியீட்டு நாள், எந்தப் பதிப்புக்கு, முன்னால் எது இருக்க வேண்டும், எந்தக் கோப்பை எந்தப் பதிப்புக்கு மாற்றியது, கைரேகை, இது எதை விழுங்கியது, இதை எது விழுங்கியது. ஒரு வரியை அடிக்கும்போது அழிக்காதீர்கள். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் காரணத்தையும் நாளையும் எழுதுங்கள். அடுத்து அந்த நாற்காலிக்கு வருபவர் உங்களைச் சந்திக்கப்போவதில்லை. ஒரு முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று அந்தக் காகிதத்திடம்தான் கேட்பார். காரணம் எழுதியிருந்தால், அதைச் சோதித்துப் பார்த்து ஏற்கவோ திருத்தவோ அவரால் முடியும். இல்லையென்றால் முதல் வரியிலிருந்து அத்தனையையும் அவர் தனியாகத் தொடங்க வேண்டும்.